அறுபத்து நான்காவது இழை

காலை ஆறு மணிக்கு மூன்றாம் குவிமாடத்தில் எல்லோரும் தலையை உதிர்தட்டின் மேல் கவிழ்த்துச் சீவினார்கள். செவ்வாயில் குடியேறிய நாளிலிருந்து நாற்பது ஆண்டுகளாக அதுதான் வழக்கம். முறிந்த முடி காற்றில் மிதந்தால் சுவாச வடிகட்டிகளை அடைத்துவிடும். உதிர்தட்டு ஒவ்வோர் இழையையும் உறிஞ்சியது. யாருடையது என்று அறிந்து, உரக்கச் சொன்னது.

"அஞ்சுகம். முறிவு அறுபத்து மூன்று."

அனுமதி ஐம்பது. தொடர்ந்து ஏழு நாள் மீறினால் தலையை மழித்துவிடுவார்கள். அன்று ஆறாம் நாள்.

அஞ்சுகத்தின் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. பதினாறு ஆண்டு வளர்ப்பு. குவிமாடத்தில் அவளைப் பெயர் சொல்லித் தேடுபவர் குறைவு. "அந்தச் சடைக்காரம்மா" என்றால் குழந்தையும் வழி காட்டும்.

அவள் முடிநோக்கியிடம் போனாள். அந்த எந்திரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தது. தலையை உருப்பெருக்கித் திரையில் காட்டியது. ஓர் இழையின் நுனி, மென்று துப்பிய வேப்பங்குச்சிபோல் பிளந்திருந்தது. அதன் வேரைச் சுற்றி மஞ்சள் பசை. பசையில் செதில்கள் ஊறிக் கிடந்தன. அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரத்தத்தில் கந்தகப் புரதம் போதவில்லை. மூன்று மாதமாக நீங்கள் முடிக்கான வலுக்கூழ் குடிக்கவில்லை" என்றது எந்திரம்.

"தினமும் வாங்குறேனே."

"வாங்குகிறீர்கள். உங்கள் கழுவுதொட்டி குடிக்கிறது."

அவள் பின்னலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்று ஒரு குவளை குடித்தால் ஒன்பது வாரம் தவணை. அதற்குள் முடி தேறிவிடும். குடிக்காவிட்டால் நாளை மழிப்பு."

கூழ் ஆலை கீழ்த்தளத்தில் இருந்தது. அதைத் தேவசகாயம் பார்த்துக்கொண்டார். அவருக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அதைப் பற்றி முதலில் கேலி பேசுபவரும் அவர்தான்.

"என்ன தங்கச்சி, சடையக் காப்பாத்த வந்தியா, வழியனுப்ப வந்தியா?"

"சிரிக்காதீங்கண்ணே. மூணு மாசத்துக்கு முன்னாடி உங்க கூழ்ல முடி கெடந்துச்சு. பாதி உள்ள போயிருச்சு, பாதி நாக்குல. இழுக்க இழுக்கத் தொண்டையிலேருந்து வருது." அவள் நாக்கை விரலால் வழித்துக் காட்டினாள். "எவன் தலையில இருந்ததோ."

"ஒரே ஒரு முடியா?"

"ஒண்ணு போதாதா?"

தேவசகாயம் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே கூட்டிப்போனார்.

பெரிய கொப்பரை ஒன்று இருந்தது. அதன் வாய்க்குக் கூரையிலிருந்து ஒரு குழாய் இறங்கியது; வாயோரம் ஓர் உதிர்தட்டும் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் திறந்தது. மேல்தளத்துத் தட்டுகள் உறிஞ்சிய முடி விழுந்தது. கறுப்பு, நரை, செம்பட்டை, தாடிச் சுருள். பொடுகும் எண்ணெயும் ஒட்டிச் சிக்குப் பிடித்த கட்டிகள். பூனையின் உடல்போல ஒன்று தொப்பென்று விழுந்து மெல்ல அமிழ்ந்தது. பழுப்பு நுரை எழுந்தது. கருகிய தோலும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம்.

"என்னண்ணே இது?"

"கூழ்."

"பாசியில செய்றதுன்னு..."

"பாசி நெறத்துக்கு. இங்க மாடு இல்ல, கோழி இல்ல. முடிக்கு வேண்டிய சத்து முடியிலதான் இருக்கு. அமிலத்துல கரைச்சு, நாத்தம் போக்கி, ஏலக்காய் வாசனை சேக்குறோம். குவிமாடக் கையேட்டுல பதினேழாம் பக்கம் போட்டிருக்கு. யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பல." அவர் கொப்பரையை எட்டிப் பார்த்தார். "ஒனக்கு வந்தது கரையாமத் தப்பிச்சது. எப்பவாவது ஒண்ணு அப்படித் தப்பும்."

அஞ்சுகம் மூலைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். ஒரு துப்புரவு எந்திரம் ஊர்ந்து வந்து அதை உறிஞ்சிக்கொண்டு போனது. அது எங்கே போகிறது என்று அவள் கேட்கவில்லை.

வாயைத் துடைத்தாள். பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நுனியைத் தடவினாள். இரண்டு இழை கையோடு வந்தது.

"பதினாறு வருசம்ண்ணே."

"வழுக்கையும் நல்லாத்தான் இருக்கும். என்னப் பாரு."

அவள் பார்த்தாள்.

"ஒரு குவள குடுங்க."

அவர் கொண்டுவந்தார். பச்சையாக, வெதுவெதுப்பாக இருந்தது; ஏலக்காய் மணத்தது. அவள் குவளையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வடிகட்டி இருக்கா?"

"தங்கச்சி, கூழே மொத்தமும்..."

"தெரியும்ண்ணே. வடிகட்டி இருக்கா?"

அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். அவள் ஒரு முறை வடிகட்டினாள். மறு முறை வடிகட்டினாள். மூன்றாம் முறை வலையில் ஓர் இழை மினுங்கியது. விரல் நீளம்.

"பாத்தீங்களா! த்தூ!"

முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரல் நுனியில் அதைப் பிடித்து உதறினாள். அது கொப்பரை வாயிலிருந்த உதிர்தட்டின் மேல் விழுந்தது. தட்டு உறிஞ்சியது.

"அஞ்சுகம். முறிவு அறுபத்து நான்கு."

தேவசகாயம் வாயைப் பொத்திக்கொண்டார்.

அஞ்சுகம் தட்டைப் பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"அட, என்னோடதுதானா?" என்றாள்.

ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.