இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி

“உங்க வீட்ல ஏற்கெனவே ஒரு ரெக்கார்டர் ஓடிக்கிட்டிருக்கே மேடம்” என்றது போனில் வந்த பெண் குரல்.

கேபிள் கம்பெனிக்கு அன்று அவள் போட்ட நான்காவது அழைப்பு அது. முதல் மூன்றும் காத்திருப்பு இசையிலேயே கரைந்து போயிருந்தன. காலை ஆறு மணியிலிருந்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் டாக்டர்களின் கிறுக்கல் சீட்டைப் படித்துப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். வாயில் வந்ததை மென்று விழுங்கினாள்.

“எங்ககிட்ட இருக்கிறது சாதா பாக்ஸ்மா. அதை மாத்திட்டுத்தான் ரெக்கார்டர் கேக்குறேன்.”

மூன்று வாரமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஏழு மணிக்கு அவளுக்குப் பாட்டுப் போட்டி. அதே ஏழு மணிக்கு அவள் கணவனுக்குக் கால்பந்து. அவன் பஸ் ஓட்டுநர். சீக்கிரம் ஷிஃப்ட் முடிந்து வருகிற நாளெல்லாம் ரிமோட்டுக்கு இழுபறிதான். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிந்து வைக்கும் பெட்டி வாங்கிவிடுவோம் என்று முடிவானபோது சண்டை தீர்ந்தது என்றுதான் நினைத்தாள். எந்தப் பெட்டி என்று அடுத்த சண்டை தொடங்கியது. கடையில் சொந்தமாக வாங்கி, கம்பெனி கார்டைச் செருகிக்கொள்ளலாம், ஐந்நூறு மணி நேரம் பதியும் என்றான் அவன். கடைப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பதியும்; கம்பெனி வாடகைக்குத் தருவதில் இடம் குறைவுதான், ஆனால் இரண்டு சேனலைச் சேர்த்துப் பதியும் என்றாள் அவள். “சண்டை வேண்டாம்னுதானே வாங்குறோம்? அந்தப் பெட்டியில எதைப் பதியிறதுன்னு இன்னொரு சண்டை போடவா?” என்று கேட்டதும் அவன் விட்டுக்கொடுத்தான். ஒரு வழியாகக் கம்பெனிப் பெட்டி என்று தீர்மானமாகி போனை எடுத்தால், இது.

“ஒரு விலாசத்துக்கு ஒரு ரெக்கார்டர்தான் மேடம். உங்க விலாசத்துல இருக்கிறதே ஆன்ல இருக்கு. தொண்ணூத்தெட்டு பர்சென்ட் நிறைஞ்சிருக்கு.”

“நாங்க குடி வந்தே மூணு மாசம்தான் ஆகுது. முன்னாடி இருந்தவங்க பெட்டியா இருக்கும்.”

“நேத்துகூடப் பதிஞ்சிருக்கே மேடம்.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “என்ன பதிஞ்சிருக்குன்னு படிங்க.”

பெண் படித்தாள். “பாட்டுப் போட்டி, திங்கக்கிழமை, ஏழு பதினேழுல இருந்து. கால்பந்து, புதன்கிழமை, ஏழு நாப்பதுல இருந்து. பாட்டுப் போட்டி, நேத்து வியாழக்கிழமை, ஏழு அஞ்சுல இருந்து. எல்லாமே பாதியில இருந்துதான் ஆரம்பிக்குது மேடம்.”

நேற்று முதல் பாட்டு முடிவதற்குள் அவன் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான். புதன்கிழமை அவன் குளிக்கப் போன சமயம் பார்த்து இவள் மாற்றினாள். திங்கட்கிழமை, அறிமுகம், விளம்பரமெல்லாம் முடிந்து, அவளுக்குப் பிடித்த பெண் பாட வந்த நேரத்தில், அவன் மாற்றினான். மணி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பதினேழு என்றுதான் இருந்திருக்கும்.

அவர்கள் எங்கே விட்டார்களோ, அங்கிருந்து.

“மேடம், லைன்ல இருக்கீங்களா? வேணும்னா லைன்மேனை அனுப்பி வைக்கிறேன்.”

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். எருமை மேல் மழை பெய்த மாதிரி அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

“பக்கத்து வீட்டுக் கணக்கைப் பார்த்துப் படிச்சிருக்கும் அந்தப் பொண்ணு.”

“பக்கத்து வீட்டுக்காரங்களும் நீங்க ரிமோட்டைப் பிடுங்குற அதே நிமிஷத்துலயா பதியிறாங்க?”

“அப்ப பேய்ங்கிறியா? பேய்க்கு என்னத்துக்குப் பாட்டுப் போட்டி? கடையில வாங்கலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?” என்று கையைக் கழுவப் போனான். அதோடு அவனுக்குப் பேச்சு முடிந்தது. அவளுக்கு எரிச்சல் தூக்கம்வரை வந்தது.

மறுநாள் ஒரு மணிக்கு வருவதாகச் சொன்ன லைன்மேன் நான்கரைக்கு வந்தார். நரைத்த மீசை, தோளில் பை, நனைந்த சட்டை. தாமதத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயரைக் கழற்றித் தன் மீட்டரில் செருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“சிக்னல் பாதிதான் வருதும்மா. எங்கேயோ பிரியுது.”

வாசல் கதவுக்கு மேலே, தூசி படிந்த ஸ்ப்ளிட்டர் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் கூடத்து டிவிக்கு வந்தது. இன்னொன்று சுவரோரமாகவே போய், வாசலை ஒட்டிய படுக்கையறைக்குள் நுழைந்து, சுவரோடு சேர்த்துக் கட்டிய துணி அலமாரிக்குள் மறைந்தது. மூன்று மாதமாக அந்த அலமாரியில்தான் அவளுடைய புடவைகளும் அவனுடைய காக்கிச் சட்டைகளும் தொங்குகின்றன. லைன்மேன் அவற்றை ஒதுக்கிவிட்டு டார்ச் அடித்தார். நனைந்து சரியாகக் காயாத துணியின் வாடை, அதற்கு அடியில் ரொம்ப நாள் தலை குளிக்காத ஆளின் வாடை, இரண்டும் சேர்ந்து வந்து முகத்தில் அடித்தன. அலமாரியின் பின்பக்கத்தில், விரல் நுழையும் துளை வழியாக வயர் உள்ளே போயிருந்தது. அவர் விரல் மடக்கித் தட்டினார். தொம் தொம் என்றது.

“இது சுவர் இல்லம்மா, பலகை. பின்னாடி இடம் இருக்கு.” வயரைத் தொட்டவர், “சூடா இருக்கே” என்றார்.

பிடித்து இழுத்தார். ஒரு முழம் வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

வயர் உள்ளே இழுபட்டது.

வேகமாக அல்ல. தூங்குகிறவர் போர்வையை மறுபடியும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுபோல, அந்த ஒரு முழமும் மெதுவாக அவர் உள்ளங்கை வழியே உருவிக்கொண்டு போய்த் துளைக்குள் மறைந்தது. லைன்மேன் தன் கையையே பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் எழுந்து வாசலுக்கு வந்து, ஸ்டூல் மேல் ஏறி, ஸ்ப்ளிட்டரிலிருந்து அந்த இரண்டாவது வயரைத் திருகிக் கழற்றித் தொங்கவிட்டார்.

“அவ்வளவுதாம்மா. பழைய பெட்டியைக் கணக்குல இருந்து எடுத்துடுறேன். புதுசு மாட்டித் தர்றேன்.”

“அண்ணே, உள்ளே என்ன இருக்குன்னு பாக்காமலா போவீங்க?”

“எலியா இருக்கும்.”

“எலி வயரை இழுக்குமா?”

“வீட்டு ஓனரைக் கேளுங்கம்மா. எங்க வேலை வயரோட சரி.” பத்தே நிமிடத்தில் புதுப் பெட்டியை மாட்டினார். நின்றபடியே கையெழுத்து வாங்கினார். தண்ணீர்கூட வேண்டாம் என்று மாடிப்படியில் இறங்கிய வேகத்தில் மீட்டரை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

வீட்டு ஓனர் போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது கணவன் எடுக்க மாட்டான். எட்டு மணிக்குத்தான் வருவான். கீழே இருக்கும் கடை மழைக்கு முன்கூட்டியே சாத்தியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு, படுக்கையறைக்குள் போய் அலமாரிக் கதவைச் சாத்தி, ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். அங்கேயே போனைச் சார்ஜில் போட்டாள். வாசலில் உள்தாழ்ப்பாளும் போட்டாள். போட்ட பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. ஆளைக் கண்டு பயப்படலாம், பலகையைக் கண்டு பயப்படுவதா?

ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டி தொடங்கியது. கணவனுக்காகக் கால்பந்தைப் பதியப் போட்டாள். மழைச் சத்தத்துக்கு நடுவே அந்தச் சின்னப் பெண்ணின் குரல் மேலேறி மேலேறிப் போவதைக் கேட்டபோது, மூன்று வாரத்தில் முதல்முறையாகத் தோள் தளர்ந்தது. அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்தது. ஓடுகிற நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கும் வசதியும் இந்தப் பெட்டியில் இருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள்.

பாட்டு நிற்கவில்லை.

படுக்கையறைக்குள்ளிருந்து அடுத்த வரி வந்தது. வறண்ட, பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். இரண்டு சொல். பிறகு சட்டென்று அடங்கியது.

மழைதான். குழாயில் தண்ணீர் இறங்குகிற சத்தம். அவள் பொத்தானை மீண்டும் அழுத்தினாள். பாட்டு ஓடியது. அழுத்தினாள். நின்றது. காத்திருந்தாள். அந்தப் பக்கமும் காத்திருந்தது.

மரம் மரத்தோடு உரசியது.

அலமாரிக்குள் ஹேங்கர்கள். ஒன்று நகர்ந்தது. இன்னொன்று.

போன் அங்கே. வாசல் அந்த அறையை ஒட்டி. சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. கேட்டுக்கொண்டே நின்றாள்.

நாற்காலி தரையில் தேய்ந்தது.

பொத்தானை அழுத்தினாள். பாட்டு ஓடியது. நாற்காலி நின்றது.

அப்போதுதான் புரிந்தது. நிகழ்ச்சி ஓடுகிறவரை அது நகராது.

சோபாவில் உட்கார்ந்தாள். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது. கைதட்டல். விளம்பரம்.

நாற்காலி விழுந்தது.

விளம்பரத்தைத் தாண்ட ஓட்டினாள். கொஞ்ச தூரம் ஓடியது. அதற்கு மேல் ஓடவில்லை, நேரலையை எட்டிவிட்டது. சோப்பு விளம்பரம். கூடத்துத் தரையில் வெறுங்காலின் சத்தம். ஈரக்கால் ஒட்டிப் பிரிகிற சத்தம். திரும்பவில்லை. பதிவுப் பட்டியலைத் திறந்தாள். கால்பந்து. ஓட்டினாள்.

சத்தம் நின்றது. சோபாவுக்குப் பின்னால், வெகு பக்கத்தில்.

பிடரியில் மூச்சு. நீண்ட, திருப்தியான மூச்சு. காயாத துணியின் வாடை.

அவளுடைய தோளைத் தாண்டி ஒரு கை வந்தது. வெயிலே படாத வெளுப்பு. கட்டைவிரல் நுனி தேய்ந்து, ரேகை இல்லாமல், வழவழவென்று தட்டையாக இருந்தது. அது அவளுடைய கட்டைவிரலின் மேல் படிந்தது. அழுத்தவில்லை. படிந்தே இருந்தது.

கீழே வண்டிச் சத்தம். படியேறும் சத்தம். கதவு தள்ளப்பட்டது. உள்தாழ்ப்பாள் அசையவில்லை.

“கதவைத் திற. தொப்பலா நனைஞ்சுட்டேன்” என்றான் அவள் கணவன் வெளியிலிருந்து.

அவள் வாயைத் திறந்தாள்.

கட்டைவிரல் அவளுடைய கட்டைவிரலை அழுத்தியது. திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு தோன்றியது. சத்தம் கூடியது.

“என்னம்மா, உள்ளே இருக்கியா?”

இன்னொரு கோடு.

கதவு தடதடவென்று ஆடியது. மைதானமே எழுந்து ஆரவாரம் செய்தது. பச்சைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையின் மறு ஓரம் நோக்கி நிறைந்துகொண்டே போயின.