இன்றே கடைசி

விக்டோரியாவின் வீட்டில் மாடியும் இல்லை, மாடிப்படியும் இல்லை. கல்நார் ஓடு போட்ட ஒற்றை அறை, பின்னால் ஒரு சமையல் தாழ்வாரம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், அரிசி களைந்துகொண்டிருந்தவள் காதில், யாரோ மரப்படி ஒன்றில் பூட்ஸ் காலை ஊன்றி இறங்குகிற சத்தம் தெளிவாக விழுந்தது. கிறீச். ஒரே ஒரு படி. அப்புறம் ஒன்றுமில்லை.

அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் தானியேல், இரும்பு உருக்கும் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன், கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். உலை வேலை செய்கிறவன் தூக்கம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா, கண்ணுகளா? பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போனாலும் எழுந்திருக்க மாட்டான். அவனுக்கு எதிரே சுவர் முழுக்கப் பழைய ஹாலிவுட் படங்களின் போஸ்டர்கள். கூட வேலை செய்கிறவர்கள் சீட்டாடப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், அவன் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிப் பட்டணம் போய், பழைய பேப்பர் கடைகளைக் கிளறி, தொப்பி வைத்த துரைகளையும் சிகரெட் பிடிக்கிற துரைசானிகளையும் சுருட்டிக்கொண்டு வருவான். முப்பது வருஷத்துக் காகிதம். கிட்டே போனால் பழம்பசையும் கரப்பான் எச்சமும் கலந்த வாடை அடிக்கும்.

கடைசியாக வந்தது நடுவில் தொங்கியது. படத்தின் பேர் இருந்த மேல்பாகம் கிழிந்து போயிருந்தது. ஒன்பது மரப்படிகள். மேல்படியில், தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்ட ஒருவன். கீழே சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிற ஓர் ஆள். படம் ஓடுகிற கடைசி நாளன்று கொட்டகைக்காரர்கள் ஒட்டுவார்களே, ‘இன்றே கடைசி’ என்று சிவப்பு எழுத்துத் துண்டு, அது குறுக்கே ஒட்டியிருந்தது. முந்தின நாள்தான் தானியேல் ஈரத்துணி வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்தத் துண்டை உரித்தெடுத்தான். அடியில் தொப்பிக்காரன் கை இருந்தது. கையில் கோடாலி.

இப்போது தொப்பிக்காரன் மேலிருந்து இரண்டாவது படியில் நின்றான்.

தானியேல் எழுந்ததும் சொன்னாள். அவன் சிரித்தான்.

“எறங்கி வந்தா ஒரு பிடி சோறு போடுமே. முப்பது வருசமா பசியில நின்னுக்கினு இருக்கான் பாவம்.”

தினம் ஒரு சத்தம். தினம் ஒரு படி. தானியேல் தூங்குகிற நேரத்தில்தான். புதன்கிழமை கட்டிலுக்கடியில் படுத்திருந்த கோழி, கழுத்திலிருந்து வால்வரை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெருச்சாளி வேலை என்றான் தானியேல். கட்டில் சட்டத்தில் விரல் ஆழத்துக்கு விழுந்திருந்த வெட்டை அவள் காட்டினாள்.

வியாழக்கிழமை, தொப்பிக்காரன் எட்டாவது படியில் நின்றான். தூங்குகிற ஆள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பியிருந்தான். கன்னத்தில் உலைப்பொறி பட்ட தழும்பு. தானியேலின் தழும்பு.

போஸ்டரைக் கொளுத்திவிடலாம் என்று அழுதாள். “அதுக்கு என்னக் கொளுத்து” என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். தீப்பெட்டியைக் கையில் எடுத்தவளுக்கு, அந்தத் தழும்பைப் பார்த்ததும் குச்சியை உரச மனசு வரவில்லை. காகிதம் எரிந்தால் அவனும் எரிவானோ? முப்பது வருஷம் அந்தத் தொப்பிக்காரனைக் கட்டிப்போட்டிருந்தது தானியேல் உரித்தெடுத்த அந்தச் சிவப்பெழுத்துத் துண்டுதான் என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் தானியேல் வந்து படுத்ததும் ரயில்வே கேட்டுக்கு ஓடினாள். டூரிங் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டுகிற கோபால் அங்கேதான் சுவரில் பசை தடவிக்கொண்டிருந்தான். அதே மாதிரிச் சிவப்பெழுத்துத் துண்டு ஒன்று கேட்டாள்.

“இன்னாக்கா, ஊட்லயே கொட்டா போட்டுட்டியா?” என்று கேட்டுக்கொண்டே துண்டையும், கொட்டாங்கச்சியில் கொஞ்சம் பசையையும் கொடுத்தான்.

கோடாலியின் மேல் துண்டை வைத்து அழுத்தித் தேய்த்தாள். சத்தமில்லை. வெளியே காக்கை கத்தியது. கட்டிலில் தானியேல் குறட்டை விட்டான். எட்டு நாளில் முதல் தடவையாக அவள் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் ஒட்டியதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

இன்றே கடைசி.

முடிந்துவிட்டது என்று அதில் எங்கே இருக்கிறது? இன்றைக்கு ஆட்டம் உண்டு என்றல்லவா இருக்கிறது. பழைய துண்டின் ‘இன்று’ எப்போதோ போய்விட்டது. இவள் ஒட்டிய துண்டுக்கு, இன்றைக்குத்தான் இன்று.

வாசல் வெளிச்சம் அணைந்தது. உச்சி வெயில், யாரோ படுதாவை இழுத்த மாதிரி. பீடிப் புகை. வறுத்த மல்லாட்டைக் கடலை. வேர்வை. நூறு பேர் மூச்சு.

கிறீச்.

துண்டைப் பிய்த்தாள். நகம்தான் பெயர்ந்தது. ஒட்டிய பசை இரும்பாகியிருந்தது.

கிறீச். அது தரை.

“எழுந்திருய்யா.” உலுக்கினாள். அறைந்தாள்.

“அஞ்சு நிமிசம்மே” என்றான் தானியேல், கண்ணைத் திறக்காமல்.

அவன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். தலைமாட்டிலிருந்து கால்வரை, ஓரிடம் விடாமல்.

முதல் வெட்டு அவள் முதுகு வழியாகப் போனது. குளிர்ந்த காற்று மாதிரி. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அவளுக்கடியில் அவன் தோள் பிளந்தது. கழுத்தெலும்பு சுள்ளியாக முறிந்தது. வெட்டுகிறவன் யாரும் தெரியவில்லை. கோடாலியும் தெரியவில்லை. வெட்டு மட்டும். இரண்டு. மூன்று. சூடான ரத்தம் அவள் வாயில். நான்கு. தானியேல் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான், அவள்தான் வெட்டுகிறாள் என்பது போல. ஐந்தாவது, நெஞ்சில்.

அந்தக் கண்கள் அப்படியே நின்றன.

அமைதி.

பிறகு காகிதத்துக்குப் பின்னாலிருந்து பெஞ்சுகள் நகர்ந்தன. ஒரு விசில். கைதட்டல், மழை பிடித்த மாதிரி. யாரோ ஒருவன் குரல் கொடுத்தான். பிறகு எல்லோரும்.

“ஒன்ஸ் மோர். ஒன்ஸ் மோர்.”

அவள் மார்புக்கடியில் வெட்டுவாய்கள் ஒவ்வொன்றாக உதடு சேர்ந்தன. எலும்பு எலும்போடு போய் உட்கார்ந்தது. தானியேல் கண்ணை மூடினான். சுகமாகப் புரண்டு, குறட்டை விட ஆரம்பித்தான்.

மேல்படியில், கிறீச்.