பெரியவள் மாத்திரையும் சின்னவள் மாத்திரையும்

"சின்னவ மாத்திரைதான் மாத்திரை! படபடப்பு வந்தாலும் சட்டுனு அடங்கிடுது!" என்று காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரியிடம் அளந்துகொண்டிருந்தாள் மாமியார். சமையலறையில் பெரிய மருமகளுக்கு வயிறு எரிந்தது.

மாமியாருக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்ளும். குடும்ப டாக்டர் கொடுத்த மாத்திரையை இத்தனை வருஷமும் வேளை தவறாமல் கொடுத்தவள் பெரியவள். அதில் படபடப்பு வருவது குறைந்தது. ஆனால் வந்துவிட்டால் லேசில் அடங்காது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சின்ன மருமகள் போன வாரம் இதய டாக்டரிடம் காட்டி, வேறு மாத்திரை வாங்கி வந்தாள். "பழசை நிறுத்திடுங்கக்கா, ரெண்டும் சேரக் கூடாது" என்றும் சொல்லிவிட்டாள். பாடுபட்டவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தியா! பொருமிக்கொண்டே பழைய அட்டையை மேல்தட்டில் வைத்துவிட்டாள் பெரியவள்.

அன்று மதியமே குளியலறை வாசலில் மாமியார் சுருண்டு விழுந்தாள்.

"நாடி ரொம்பக் குறைஞ்சிருக்கு. பழைய மாத்திரையும் சேர்த்துக் குடுத்தீங்களா?" என்றார் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர்.

சின்னவள் திரும்பினாள். "அக்கா... என் மேல இருக்கிற பொறாமையில அத்தை உயிரோடயா விளையாடுவீங்க!"

பெரியவளின் கணவன்கூட அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். அதுதான் பெரியவளைக் கொன்றது.

"பொறாமைதான்டி... உன்னைப் பாத்தாலே பத்திக்கிட்டு வந்துச்சு! ஆனா அந்த மாத்திரையைக் குடுத்திருந்தா என் கை விளங்காமப் போகட்டும்!"

மாலையில் மாமியார் கண் திறந்தாள். "அவளைத் திட்டாதீங்க... நானேதான் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"ஏன் அத்தை?" என்றாள் சின்னவள்.

"நிறுத்தினதுலேர்ந்து பெரியவ மூஞ்சியே செத்துப்போச்சு. மனசு கேக்கல. ரெண்டு பேருக்கும் குறை வைக்கக் கூடாதுன்னு..."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தனித்தனியா ரெண்டும் நல்ல மருந்தும்மா. சேர்ந்தா இதயத்தையே நிறுத்திடும். ஒண்ணுதான் போடணும். கூடவே இருந்து பாத்தவங்க சொல்லுங்க, எது கேட்டுச்சு?"

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள்.

"என்னோடது குடுத்தப்ப, வந்துட்டா ரொம்ப நேரம் தவிப்பாங்க டாக்டர். இவ வாங்கினதுலதான் அடங்குது... அதையே எழுதுங்க."

"என்னை மன்னிச்சிடுங்கக்கா!" சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

"மாத்திரை சின்னவளோடதே இருக்கட்டும்..." மாமியார் மெல்லச் சொன்னாள். "தண்ணிய மட்டும் நீ குடு பெரியவளே. உன் கையால குடிச்சாத்தான் எனக்கு இறங்கும்."

பெரியவள் வாய்விட்டு அழுதாள். சின்னவள் முகம் லேசாக வாடியது அவள் கண்ணில் பட்டது. அழுதபடியே சின்னவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.