செந்நாயே இல்லாத காடு

ஆஃப்ரா தன் போனை மைக்கருகே பிடித்து அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டியபோது வேலுத்தாயின் உதடு தானாகக் குவிந்தது.

அவள் குவிக்கவில்லை, சத்தியமாக இல்லை. வாயைத் துடைப்பது போல முந்தானையால் மூடிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சமுதாயக்கூடத்தைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள். கூடம் நிறைய சனம். கம்பளியின் ஈர வாடையும், ஆளுக்கு ஆள் கையில் ஒட்டியிருந்த பூண்டு வாடையும், மேடையில் வனத்துறைக்காரர்கள் குடிக்காமல் ஆறவிட்ட டீயின் ஏலக்காய் வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. போனிலிருந்து வந்தது மெலிசான ஒரு சீட்டி, அவ்வளவுதான்.

"இதுதாங்க செந்நாய்" என்றாள் ஆஃப்ரா. பழனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அலாவுதீன் பாயின் மகள். காட்டு உயிர்களைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு வருஷமாக மலைமேலேயே கிடக்கிறாள். "இது குரைக்காது. கூட்டம் பிரிஞ்சா சீட்டியடிச்சுத்தான் ஒண்ண ஒண்ணு கூப்பிடும். முன்ன உங்க காட்டுல இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. இருந்த எடத்துக்குத்தான் திரும்பக் கொண்டுவர முடியும்."

காலை பதினொரு மணிக்குத் தொடங்கிய சண்டை இது. "பன்னி கேரட்டத் தோண்டித் தோண்டி நாறடிக்குது, காட்டுமாடு பீன்ஸ மேயுது. நாய் வந்தா ரெண்டும் அடங்கும்ல?" என்று சக்திவேல் எழுந்து சொன்னதுதான் தாமதம், முருகம்மாள் பிடித்துக்கொண்டாள். "பன்னிய அடக்கும், சரி. எங்க வீட்டுக் கன்னுக்குட்டியப் பாத்தா வேணாம்னு போயிருமா? புள்ளைக பஸ்ஸுக்கு நடந்து போற பாதையில கொண்டாந்து விடுவீகளோ?" மனுஷரை அது ஒன்றும் செய்யாது என்று ஆஃப்ரா தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். எவர் காதில் ஏறும்?

தவிர, முடிவு முந்தின நாளே ஆகிவிட்டது. ஊர்த்தலைவர் குருநாதன் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லிவிட்டார். "என்ன கேட்டாலும் ஒரே பதில். நம்ம காட்டுல செந்நாயே கெடையாது. இருந்துச்சுன்னு ஒருத்தர் வாயத் தொறந்தாலும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாக. அப்புறம் ஆடுமாடு வச்சுப் பொழைக்க முடியாது, பாத்துக்கிருங்க."

இப்போது அவரே மைக்கைக் கொண்டுவந்து வேலுத்தாயின் கையில் திணித்தார். "இவுக தோட்டந்தான் சோலையை ஒட்டின கடைசித் தோட்டம். இவுக சொல்லட்டும்."

மைக் சில்லென்று இருந்தது. "எங்க காட்டுல செந்நாயே கெடையாதுங்க" என்றாள் வேலுத்தாய். "நா பொறந்து வளந்ததே இங்கதான். இந்தச் சத்தத்த இன்னைக்குத்தான் கேக்கேன். ஏதோ குருவியாக்கும்னு நெனச்சேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. ஆஃப்ரா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை வேலுத்தாய் கண்டாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டில் சோலி கிடக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

வெளியே மஞ்சு மூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. மேலே சோலையிலிருந்து புகை மாதிரி நழுவி, கேரட் பாத்திகளின் மேல் படர்ந்து, படிப்படியாக அடுக்கிய கல்லுக்கட்டு ஒவ்வொன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தது. புருஷன் ஞானவேல் கேரட் லோடோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தான், நாளைக்குத்தான் வருவான். மணி நாலாகிவிட்டது, மகள் ரோகிணி பள்ளிக்கூடம் விட்டு நாலரை பஸ்ஸுக்கு வருவாள். பன்னிரண்டு வயசு, ஒற்றைப் பிள்ளை, கல்யாணமாகிப் பத்து வருஷம் கோயில் கோயிலாக அலைந்து பெற்றது. வெரசா போய் சோறு வைக்க வேண்டும் என்று வேலுத்தாய் நடையை எட்டிப் போட்டாள்.

நடக்க நடக்க அந்தப் பொய் நெஞ்சுக்குள் கரைந்துபோகாமல் நின்றது. முப்பத்திநாலு வருஷம் ஆயிற்று. அந்தக் கோடையில் செந்நாய்க் கூட்டம் ஊரில் ஏழு கன்றுக்குட்டிகளை அடித்தது. அவள் அப்பனும் இன்னும் நாலு பேரும் சோலைக்குள் பள்ளத்துப் பொந்தில் ஒரு குட்டியைப் பிடித்து வந்து, கழுத்தில் கயிறு கட்டிக் கூடைக்குள் போட்டார்கள். அது பாலைத் தொடவில்லை. நாலு நாளும் சீட்டியடித்துக்கொண்டே இருந்தது, இரண்டு குட்டையும் ஒரு நீளமுமாக, நீளம் கடைசியில் கொஞ்சம் மேலேறி. ஒன்பது வயது வேலுத்தாய் கூடைப் பக்கம் உட்கார்ந்து அதே மாதிரி அடித்துப் பழகினாள். ஐந்தாம் நாள் காலை குட்டி செத்துக் கிடந்தது. அப்பன் மகளைக் கூட்டிப்போய்ப் பள்ளத்துக்கு மேல் பாறையில் உட்கார வைத்தான். கீழே, விஷ மருந்து வைத்த கன்றுக்குட்டி கிடந்தது.

அவள் சீட்டியடித்தாள். வந்தன. பதினொன்று. வந்தவுடன் தின்னவில்லை, அதுதான் கொடுமை. குட்டியைத் தேடின. ஒவ்வொரு புதராகப் போய் மோந்து மோந்து, சின்னச் சீட்டியாக அடித்து, வெகுநேரம் தேடின. அப்புறம்தான் தின்றன. "நல்லாச் செஞ்ச தாயி" என்று அப்பன் தலையைத் தடவினான். அந்த வருஷத் திருவிழாவுக்கு அவளுக்கு மட்டும் பாவாடை எடுத்தார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது பக்கத்துத் தோட்டம் மறைந்துவிட்டிருந்தது. இந்த ஊர்ப் பொம்பளைகள் சீட்டியடிப்பதைக் கீழ்நாட்டு ஆட்கள் கண்டால் வாயில் கை வைப்பார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்! மஞ்சுக்குள் பிள்ளைகள் ரோட்டிலிருந்து பாதை தப்பாமல் ஏறி வர வேறு என்ன வழி? வீட்டுக்கு ஒரு சீட்டி. தாய் வாசலில் நின்று அடிப்பாள், பிள்ளை அதையே திருப்பி அடித்துக்கொண்டு சத்தத்தைப் பிடித்து வரும். ரோகிணி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த முதல் மஞ்சு நாளில் வேலுத்தாயின் வாயில் வந்தது அந்தச் சீட்டிதான். அவளுக்கு வேறு தெரியாது. மாற்றிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தாள். அதற்குள் பிள்ளை பழகிவிட்டது.

கீழே பஸ் உறுமித் திரும்பும் சத்தம் கேட்டது. வேலுத்தாய் உதட்டைக் குவித்து அடித்தாள். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

ரோட்டிலிருந்து பதில் வந்தது. மகள்தான், மூச்சு வாங்கிக்கொண்டு. அப்பாடா என்று இருந்தது. இன்னொரு தரம் அடித்தாள்.

பதில் மேலேயிருந்து வந்தது.

சோலையிலிருந்து. எதிரொலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷமாக இந்த வாசலில் நின்று அடிக்கிறாள், ஒருநாளும் எதிரொலி வந்ததில்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. தொழுவத்தில் மாடு எழுந்து நின்று மூக்கணாங்கயிறு இறுகப் பின்னால் ஒதுங்கியது. நனைந்த நாய் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று, கூடைக்குள் திரிந்துபோன பாலின் புளிச்ச வாடை.

இனி அடிக்கக் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் மூச்சு சுட்டது.

சீட்டி கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். அவள் அடிக்காமலே, மேலேயிருந்து, அச்சு அசலாக அவளுடையது.

"இந்தா வர்றேன்" என்பது போல ரோகிணியின் பதில் போயிற்று. வாசலைப் பார்த்து இல்லை. பக்கவாட்டில், ஓடைக்கரைப் பாதையில், மேலே பார்த்துப் போகிறாள். ஐயோ, பாவிமகளே, அங்கே ஏன் போகிறாய்?

"ரோகிணி! அடியே, இங்க இருக்கேன்டி! வீடு இங்க இருக்கு!"

மஞ்சு அவள் குரலை வாங்கி வைத்துக்கொண்டது. மறுபடி சீட்டி. மறுபடி பதில், இன்னும் மேலே. வேலுத்தாய் ஓடினாள். கேரட் பாத்தி, கல்லுக்கட்டு, முள்வேலி. சேலை கிழிந்தது. சோலைக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் அடங்கி, பாசியிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. பாதைச் சேற்றைக் குனிந்து பார்த்தாள். ஷூ தடம் இல்லை. எந்தத் தடமும் இல்லை.

சீட்டி பக்கத்தில் கேட்டது. அவள் இறங்கினாள். அந்தப் பள்ளம் என்று தெரிந்தேதான் இறங்கினாள். பிள்ளை அங்கே இருந்தால்?

ரோகிணி அங்கே இல்லை.

அவை இருந்தன. பள்ளத்தைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தன. செம்மண் நிறம், கறுத்த வால், வட்டக் காது. வாயோரம் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. எதற்கும் மூச்சு அசையவில்லை. எண்ண வேண்டாம் என்று நினைத்தாள். எண்ணினாள். பதினொன்று. நடுவில் சின்னதாக இன்னொன்று. அதன் கழுத்தில் முடி உதிர்ந்து கயிறு போன தடம்.

"நா சின்னப்புள்ள" என்றாள் வேலுத்தாய். "எனக்கு என்ன தெரியும்? சின்னப்புள்ளதான நானு."

அவை அவளைப் பார்க்கவே இல்லை. எல்லாம் அவளைத் தாண்டி, அவள் வந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது தூரத்தில், கீழே, வீட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அம்மா! எங்கம்மா போன? வீடு தெறந்து கெடக்கு!"

ரோகிணி. வீட்டில் இருக்கிறாள். பத்திரமாக. அப்படியானால் சோலைக்குள் ஏறியது யார்? வேலுத்தாய்க்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போடி, கதவைச் சாத்துடி என்று கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடினாள். கத்தினால் குரலைப் பிடித்து வந்துவிடுவாள். அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்தாள். சத்தம் வரக் கூடாது. செத்தாலும் வரக் கூடாது.

குட்டி வாயைத் திறந்தது.

இரண்டு குட்டை. ஒரு நீளம். கடைசியில் கொஞ்சம் மேலேறி.

"அங்கயா இருக்க? இந்தா வர்றேம்மா!"

வேலுத்தாய் துணியைப் பிடுங்கி எறிந்தாள். "வராத! வராதடி! ஓடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பதினொன்றும் சேர்ந்து சீட்டியடித்தன. அவள் குரல் அதற்குள் முங்கிப்போனது. கத்தினாள். முங்கியது. திரும்பி ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. தரை ஈரமாக, குளிராக, முழங்கால் வரை பிடித்திருந்தது.

சருகு மிதிபடும் சத்தம்.

நீல ஸ்வெட்டர்.

ரோகிணி பாறையைச் சுற்றி இறங்கி வந்தாள். புத்தகப்பை இன்னும் தோளில். வட்டத்துக்குள் காலெடுத்து வைத்தாள். இரண்டு செந்நாய்களுக்கு நடுவே, அவற்றின் காது ஸ்கர்ட்டில் உரச, நடந்தாள். நாலடி தூரத்தில் கத்திக்கொண்டிருந்த தாயின் பக்கம் முகம் திரும்பவே இல்லை. குட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, சிரித்து, கையை நீட்டினாள்.

"நீதானா கூப்ட்ட?"

பதினொன்றும் எழுந்தன.