எண்பது சதவீத மனைவி

செல்போன் அலறியது.

நவநீதகிருஷ்ணன் காரை ஓரங்கட்டினான். ஜேடர்பாளையத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். திரையில் மனைவியின் பெயர்.

"சொல்லு கிருத்திகா."

"அவிங்க இல்லீங்க... நாங்க பேசறமுங்க."

ஆண் குரல். துண்டை வாயில் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

"நீங்க யாருங்க?"

"உங்க ஊட்டுக்காரம்மாவக் கடத்திட்டமுங்க."

நவநீதன் என்ஜினை அணைத்தான்.

"போலீசுக்குப் போனீங்கன்னா அவிங்க உசுரோட வரமாட்டாங்க. பணங்காசு ஒண்ணும் வேண்டாமுங்க. இன்னைக்குச் சீட்டாடப் போறீங்கல்ல... மத்தியானம் ஒரு மணிக்குள்ள, கொண்டுபோனது அத்தனையும் தோத்துப்போட்டு எந்திரிச்சிரோணும். ஜெயிச்சீங்க... அவ்வளவுதானுங்க."

"அவகிட்ட போனக் குடுங்க."

போன் கைமாறியது. பிறகு கிருத்திகா.

"ஏனுங்க... சொல்றதக் கேளுங்க. எனக்காக ஒரே ஒரு தடவ தோத்துட்டு வந்துருங்க."

லைன் அறுந்தது.

நவநீதனுக்குத் தொழிலே சீட்டுதான். ரம்மி, மங்காத்தா என்று குறைத்து மதிப்பிட வேண்டாம். போக்கர்! கோவாவில் கப்பலில் மேசை போட்டு லட்சங்களில் ஆடுவார்களே, அது. மாதத்தில் பாதி நாள் வெளியூர். திருச்செங்கோட்டில் யாராவது விசாரித்தால், 'சத்தீஸ்கர்ல ரிக் வண்டி ஓடுதுங்க' என்பான். அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பாதி ஊர் அப்படித்தான் போர்வெல் போடக் கிளம்பிப் போயிருக்கிறது.

பெண் எடுத்ததும் அந்த ரிக் வண்டியைச் சொல்லித்தான். மூன்றாவது மாதம் கிருத்திகாவுக்கு உண்மை தெரிந்தது. நாலு வருஷமாக, "விட்டுருங்க" என்கிறாள். நாலு வருஷமாக, "அடுத்த ஆட்டத்தோட" என்கிறான்.

அவன் பிழைப்பு சீட்டில் இல்லை. எதிரில் இருப்பவன் முகத்தில் இருந்தது. பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்ப்பான், தொண்டையைப் பார்ப்பான், விரலைப் பார்ப்பான். அரை நிமிஷம் போதும். அந்தத் திமிர் அவனுக்கு நிறையவே உண்டு.

ஆட்டம் கண்ணுசாமியின் தோட்டத்து பங்களாவில். கண்ணுசாமிக்கு முட்டைக்கோழிப் பண்ணைகள் ஏழு. இந்த ஆட்டத்தில் நவநீதன் தோற்றால் அள்ளப்போவது அவர்தான்.

ஆக, கடத்தியது அவரா?

சீட்டைக் கலைக்கும்போது நவநீதன் மெல்ல ஆரம்பித்தான்.

"எங்க ஊட்டுக்காரியக் காலைலருந்து காணமுங்க."

"போன் போட்டுப் பார்த்தீங்களா?"

"எடுக்க மாட்டேங்கறாளுங்க."

"பொறந்த ஊட்டுக்குப் போயிருக்கும் சாமி. ஏதாச்சும் சண்டையா?"

பொய் சொன்னால் கண்ணுசாமி மோதிரத்தைத் திருகுவார். மூன்று ஆட்டங்களில் கவனித்தது. இப்போது மோதிரம் அசையவில்லை.

இவர் இல்லை!

அப்படியானால்... யார்?

பன்னிரண்டு மணி வரை நவநீதன் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றான். நல்ல சீட்டையெல்லாம் கவிழ்த்து வைத்தான். கிருத்திகாவை எங்கே அடைத்து வைத்திருக்கிறார்களோ, தண்ணீராவது கொடுத்தார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. அவளை அவனுக்குப் பிடிக்கும். அதில் பொய்யில்லை.

மறுபடி போன். எழுந்து தென்னந்தோப்புக்குள் போனான்.

"தோத்துட்டு இருக்கீங்களாங்க?"

பயம் சட்டென்று கோபமானது.

"டேய் நாயே! ஒரு பொம்பளயத் தூக்கி வெச்சுட்டுப் பேசறயே, நீயெல்லாம் ஒரு ஆம்பளயாடா? உன்னப் பெத்தவ மனுசியாடா? கையில கெடைச்சே, தோல உரிச்சுப் போடுவேன்."

மறுமுனையில் குரல் தணிந்தது.

"அம்மாவ எதுக்குங்க இழுக்கறீங்க. கோவிச்சுக்காதீங்க. தோத்துட்டு வந்துருங்க."

நவநீதன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

இந்தப் பக்கத்தில் அடிக்க வருகிறவன்கூட முதல் இரண்டு வார்த்தைக்கு 'ங்க' போட்டுத்தான் பேசுவான். அதில் அதிசயமில்லை. ஆனால் பெற்றவளை இழுத்த பிறகும் போடுவானா? வேறு எவனாக இருந்தாலும் பதிலுக்கு நாலு தலைமுறையைத் தோண்டியிருப்பான். எவ்வளவு திட்டினாலும் 'நீ' என்று சொல்ல நாக்கு வராதவன், அக்காளைக் கட்டினவரிடம் பேசுகிற மச்சினன் மட்டும்தான்.

பூபதி! கிருத்திகாவின் தம்பி! எடப்பாடியில் தறி ஓட்டுகிறவன். கல்யாணத்தன்று மாப்பிள்ளை செருப்பைக்கூடத் துடைத்து வைத்தவன்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள்! சீட்டை விட வைக்க!

நவநீதனுக்குச் சிரிப்பு வந்தது. நிச்சயமாகப் பூபதிதானா என்று ஒரு கணம் யோசித்தான். முழு நிச்சயம் இல்லை. ஆனால் எந்த ஆட்டத்தில்தான் முழு நிச்சயம் இருந்திருக்கிறது?

மேசைக்குத் திரும்பினான். தோற்றதையெல்லாம் பிடிக்கத் தொடங்கினான்.

பன்னிரண்டே முக்கால். கடைசிக் கை. நவநீதனிடம் மூன்று ஒன்பதுகள். கண்ணுசாமி தன் முன்னால் இருந்த, பணத்துக்கு ஈடான சிப்ஸ் வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

"ஆல் இன். கட்டுவீங்களா?"

கொண்டுவந்ததெல்லாம் அநேகமாக நடுவில்தான் கிடந்தது; சீட்டைக் கவிழ்த்தால் போதும். எழுந்து போய்விடலாம். 'எனக்காக ஒரே ஒரு தடவ' என்ற குரல் காதுக்குள் ஓடியது.

கண்ணுசாமியின் மோதிரம் திரும்பியது.

"கட்டறேனுங்க. காட்டுங்க."

கண்ணுசாமியிடம் வெறும் இரண்டு ஏழுகள்.

"நீங்க மனுசனே இல்லீங்க" என்றார் கண்ணுசாமி. நவநீதன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

திருச்செங்கோட்டு வீட்டுக் கூடத்தில் கிருத்திகா உட்கார்ந்திருந்தாள். கயிறில்லை, காயமில்லை. பக்கத்தில் பூபதி, தலையைக் குனிந்துகொண்டு.

நவநீதன் பணப்பையை மேசையில் வைத்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

"வாங்க கடத்தல்காரரே. துண்டு எங்க?"

பூபதி நெளிந்தான். "வாங்க மச்சான்."

"தோத்தீங்களா?" என்றாள் கிருத்திகா.

"எதுக்குத் தோக்கறது? இவன்னு கண்டுபிடிச்சுட்டேன். தென்னந்தோப்புல நின்னு நான் திட்டுன திட்டுக்கு, வேற எவனாச்சும் 'கோவிச்சுக்காதீங்க'ன்னு சொல்லுவானா?"

"அப்பவே தெரிஞ்சிருச்சா?"

"அப்பவே."

"நூத்துக்கு நூறு தெரிஞ்சுதுங்களா?"

தொழில் பெருமை அவன் வாயை முந்தியது.

"நூறெல்லாம் யாருக்கும் தெரியாது கிருத்திகா. எம்பது பர்சென்ட். எம்பதுன்னா எங்க தொழில்ல கண்ண மூடிட்டு எறங்கலாம்."

கிருத்திகா எழுந்தாள்.

"நெசமாவே எவனாச்சும் தூக்கியிருக்க இருவது பர்சென்ட் வாய்ப்பு இருந்துச்சு. அது தெரிஞ்சும் என்னய வெச்சு ஆடுனீங்க."

நவநீதன் அவள் முகத்தைப் பார்த்தான். எத்தனையோ முகங்களைப் படித்தவனுக்கு இந்த முகத்தில் ஒரு எழுத்தும் புரியவில்லை.

"இல்ல... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீங்க தோத்துட்டு வந்திருந்தா காலம்பூரா உங்க சீட்டப் பத்திப் பேசியிருக்க மாட்டனுங்க. நான் பெருசா, அது பெருசான்னு தெரிஞ்சுக்கத்தான் இவனக் கூப்பிட்டேன்."

அறைக்குள் போனாள். சூட்கேசோடு திரும்பி வந்தாள். அவன் வருவதற்கு முன்னாலேயே அடுக்கி முடித்திருக்க வேண்டும். அவன் ஜெயிப்பான் என்று அவளும் கணக்குப் போட்டிருந்தாள் போலிருக்கிறது.

"கிருத்திகா, இரு. இது பொய். நாலு நாள்ல நீயே வந்துருவே. உன் முகத்தப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

அவள் வாசலில் இறங்கி, பூபதி கொண்டுவந்திருந்த காரில் ஏறினாள்.

பூபதி சூட்கேசைத் தூக்கிக்கொண்டான். படியில் நின்று, ரொம்பவும் மரியாதையாகத் திரும்பினான்.

"வாரேனுங்க மச்சான். இது எம்பது இல்லீங்க... நூறு!"