ஐந்தரை மணி பஸ்ஸில் ஒரு கிதார்

நஞ்சன்கூட்டில் பஸ் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. கடைசியாக ஏறியவர் தொப்பலாக நனைந்திருந்தார். அவருடைய மழைக்கோட்டு மட்டும் கையிலிருந்த நீளப் பெட்டியைச் சுற்றிப் பத்திரமாகப் பொத்தான் போட்டிருந்தது. பஸ் குலுங்கியதில் பெட்டி சொர்ணலதாவின் கால்விரலில் இடித்தது.

"பார்த்து வைக்கக் கூடாதா?"

"சாரி மேடம். ஸ்வல்ப தள்ளிக்கிட்டா ஓரமா வெச்சுக்குவேன்."

"கோட்டு மனுஷங்க போட்டுக்கறதுதானே?"

"எனக்கு ஜுரம் வந்தா மாத்திரை இருக்கு. கிதாருக்கு இல்லியே..."

அவள் சிரிப்பை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நரைத்த முடி, நனைந்த இமைகள்... கண்களுக்கு மட்டும் வயசே ஆகவில்லை என்று நினைத்தாள். இதென்ன நினைப்பு என்றும் நினைத்தாள்.

அவர் பெயர் முரளிதரன். வயது நாற்பத்தாறு. நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் எலக்ட்ரீஷியன். மைசூரில் ஒரு ராக் குழுவில் கிதார். நான்கு பேர், இருபத்திரண்டு வருஷம், இன்னும் ஒரு கேசட்கூட வரவில்லை. கிதாரை விட்டால் பெண் தருகிறோம் என்று இரண்டு வீட்டில் சொன்னார்கள். அவர் விடவில்லை. அவள் மாத்திரை கம்பெனியில் பாக்கிங் சூப்பர்வைசர். கணவர் இறந்து ஏழு வருஷம்.

இதெல்லாம் ஒரே நாளில் பேசியதல்ல. ஜூலை முழுக்க ஐந்தரை மணி பஸ்ஸில், கொஞ்சம் கொஞ்சமாக...

தொண்ணூற்று நான்கு ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு போட்டி. ஜெயித்தால் கேசட் போடுவார்கள். "வர்றீங்களா?" என்று கேட்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. அவள் வந்தாள். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் வாசிக்கும் லிங்கப்பனுக்குக் கை பிடித்துக்கொள்ள, தாளம் தவறியது. "அங்கிள், பென்ஷன் வந்துருச்சா?" என்று மாணவர்கள் கத்தினார்கள். ஒன்பது குழுக்களில் ஒன்பதாவது இடம். அவள் மேடைக்குப் பின்னால் போய்த் தேடியபோது அவர் கிளம்பிப் போயிருந்தார்.

பிறகு மூன்று வாரம் ஐந்தரை பஸ்ஸில் அவர் இல்லை. நாலாவது திங்கட்கிழமை அவள் தன் பஸ்ஸை விட்டுவிட்டு நிலையத்திலேயே காத்திருந்தாள். ஆறரைக்கு வந்தார்.

"பஸ்ஸ மாத்திட்டீங்களா?"

"ஓவர்டைம்..."

"பொய். உங்க ஆலை கேட்ல விசாரிச்சுட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க பார்க்கறப்பவா அப்படி ஆகணும்... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க முன்னால வர்றது?"

"வாசிக்கறத விட்டாச்சா?"

"அதெப்படி. ஞாயித்துக்கிழமை தவறாம வாசிக்கிறோம். ஜனவரில மங்களூர்ல ஒரு போட்டி இருக்கு. என்னால விட முடியாதுங்க. அதையும் சொல்லிடறேன்."

"விடச் சொல்லி யார் கேட்டா? அவ்வளவு பேர் சிரிச்சும் நிறுத்தாம கடைசி வரைக்கும் வாசிச்சீங்க. நான் அதைத்தான் பார்த்தேன். உங்களுக்கு அது தெரியல. மூணு வாரமா பக்கத்து சீட்ட பார்த்துக்கிட்டே வீட்டுக்குப் போறேன்..."

மைசூர் பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை.

"எனக்கும் இந்த மூணு வாரம் கிதார எடுத்தா கை ஓடல." அவர் தலை நிமிர்ந்தார். "உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்குவீங்களா?"

சொர்ணலதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"கட்டிக்கிறேன்" என்றாள். "முகூர்த்தம் மட்டும் ஞாயித்துக்கிழமை வேண்டாம்."