தம்பியின் கன்னத்தில் ஒரு செங்கல் சுவர்

என் தம்பியைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று அவனிடம் சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு தடவையா, இரண்டு தடவையா? அவன் என் பென்சிலைக் கடித்தால் சொல்வேன். என் கட்டிலில் ஏறிக் குதித்தால் சொல்வேன். "உன்ன ஒரு படி தவிட்டுக்கு வாங்கிட்டு வந்தோம்டா உருண்டை. வாய மூடிட்டு இரு!" அவன் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு ஓடிவிடுவான். எட்டு வயசுப் பயல், எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்திருந்தேன்.

எவ்வளவு தப்பாக நினைத்திருந்தேன் என்பது அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது.

எங்கள் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பள்ளி இல்லாத நாட்களில் நாங்களும் அம்மாவோடு போய்விடுவோம். முன்னறையில் அம்மா வருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ரத்தம் எடுப்பார். பின்னறையில் ஒரு இயந்திரம் ரத்தக் குழாய்களை வைத்துக்கொண்டு விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் பக்கம் நாங்கள் போகக் கூடாது. ஜன்னலோரத்தில் ஒரு மேசையும் பழைய மைக்ராஸ்கோப்பும் உண்டு. அதுதான் எங்கள் ராஜ்ஜியம்.

அந்த மேசையில் இரண்டு தட்டுகள் இருக்கும். இடது கைப் பக்கம் கழுவிய ஸ்லைடுகள், வலது கைப் பக்கம் கழுவ வேண்டிய ஸ்லைடுகள். ஸ்லைடு என்றால் நாம் பார்க்க விரும்பும் பொருளை வைக்கும் கண்ணாடித் துண்டு. "இடது சுத்தம், வலது அழுக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்" என்பார் அம்மா.

திங்கட்கிழமை நான் பள்ளியில் ஒரு படத்தாள் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை பள்ளி விட்டதும் இங்கே வந்து, வெங்காயத் தோலை உரித்துப் பார்த்து அதன் செல்களை வரைந்துவிட்டேன். சனிக்கிழமை காலை எழுத்து வேலை மட்டும் பாக்கி. நான் எழுத எழுத, தம்பி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ராகம் போட்டுப் படித்தான்.

"செல்கள் சேர்ந்தால் திசு! திசுக்கள் சேர்ந்தால் உறுப்பு! உறுப்புகள் சேர்ந்தால் மண்டலம்! மண்டலங்கள் சேர்ந்தால் உடல்! அக்கா, எனக்கும் செல் இருக்கா?"

"இல்லாம எப்படிடா இருக்கும்?"

"அப்ப காட்டு."

காட்டாவிட்டால் விடமாட்டான். கையைக் கழுவிக்கொண்டு, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் அவன் கன்னத்தின் உள்பக்கத்தை மெதுவாகச் சுரண்டினேன். இடது தட்டில் ஒரு ஸ்லைடு எடுத்து அதில் தேய்த்தேன். ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, மெல்லிய மூடிக் கண்ணாடியை வைத்தேன்.

"பாரு. உன் வாயி எப்படி இருக்குன்னு நீயே பாத்துக்க."

அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"அக்கா, செங்கல் சுவர் தெரியுது."

"உளறாத. நகரு."

நான் குனிந்து பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

செங்கல் சுவரேதான். நீள நீளமான கட்டங்கள், வரிசை வரிசையாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் கெட்டியான ஒரு கோடு. அது செல் சுவர். செல் சுவர் செடிகளின் செல்களுக்கு உண்டு. மனிதச் செல்லுக்குக் கிடையவே கிடையாது. என் படத்தாளில் நானே சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன்.

என் வாய்க்கு மட்டும் எப்போதும் அவசரம். "இது மனுஷ செல்லே இல்லையேடா... செடி செல் மாதிரி இருக்கு..." என்று உளறிவிட்டேன்.

தம்பி என் படத்தாளைப் பார்த்தான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே போனான். இப்போது ராகம் இல்லை.

"என் செல் செடின்னா... திசுவும் செடி. உறுப்பும் செடி. மண்டலமும் செடி. அப்ப மொத்தமா நானே செடி." விரல் கடைசி வரியில் நின்றது. "அக்கா, அப்ப நிஜமாவே என்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினீங்களா?"

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. சுவரை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே! விளையாட்டுக்குச் சொன்ன பொய் உண்மையாகிவிட்டதோ என்று பயந்து முன்னறைக்கு ஓடினேன்.

அங்கே மலை போல ஒருவர் கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தார். அம்மா ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தம்பி..."

"ஊசி கையில இருக்கும்போது கூப்பிடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? போ, வரேன்."

திரும்பி வந்தால் நாற்காலி காலி. மேசைக்கு அடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் மாமா தலையை நீட்டினார். "பாப்பா, உன் தம்பி வாசல்ல பூந்தொட்டிக்குள்ள ஏறி நிக்குறான். தண்ணி ஊத்தவான்னு சும்மா கேட்டேன். ஊத்துங்கன்னு சொல்றானே?"

வாசலுக்கு ஓடினேன். மண் மட்டும் நிரப்பி இன்னும் செடி வைக்காத பெரிய தொட்டி அது. அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வெயிலைப் பார்த்தபடி நின்றிருந்தான் என் தம்பி.

"இறங்குடா!"

"மாட்டேன். செடிக்கு வெயில்தான் சாப்பாடு. நீ உங்க அம்மாகூட வீட்டுக்குப் போ. என்ன யாரும் பிடுங்க வேணாம்."

அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விளையாட்டில்லை. நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். எத்தனை நாளாக அந்தத் தவிட்டுக் கதையை உள்ளே வைத்துக்கொண்டு இருந்தானோ! எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

"மாமா, இவனக் கொஞ்சம் பாத்துக்குங்க. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே ஓடினேன். செடி அழுமா? அழாது. அழுகிறான் என்றால் அந்தச் சுவரில்தான் ஏதோ கோளாறு.

மைக்ராஸ்கோப்பில் மறுபடி கண்ணை வைத்தேன். பக்கத்தில் வெள்ளிக்கிழமை வரைந்த வெங்காயப் படம். படத்தையும் பார்த்தேன், ஸ்லைடையும் பார்த்தேன். அச்சு அசல் அதுவேதான்.

எனக்குத் திக்கென்றது. வெள்ளிக்கிழமை மாலை வெளிச்சம் போதவில்லை என்று நாற்காலியை மேசைக்கு எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் என் வலது கை எது? சுத்தமான தட்டு! வெங்காயத் தோல் ஒட்டிய ஸ்லைடைக் கழுவாமல் அங்கே வைத்துவிட்டேன். அது காய்ந்து, கண்ணாடியோடு கண்ணாடியாக, இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. அதன் மேலேதான் தம்பியின் கன்னத்தைத் தேய்த்திருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். விழித்திருக்கும்போதுதான் தப்பு செய்தேன்.

அப்படியென்றால் தம்பியின் செல்கள் எங்கே? அவையும் அதே ஸ்லைடில்தானே இருக்க வேண்டும்?

ஸ்லைடை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். சுவர், சுவர், சுவர். பிறகு வெங்காயத் தோல் முடிந்து வெறும் கண்ணாடி வந்தது. அங்கே இருந்தன! சுவரே இல்லாத, கோணல்மாணலான தட்டை வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலத்தில் ஒரு உட்கரு. சட்டியில் உடைத்து ஊற்றிய முட்டைகள் மாதிரி இருந்தன. இவ்வளவு அழகான எதையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

"கிடைச்சிட்டான்!" என்று கத்தினேன். முன்னறையில் அந்த மலை மனிதர் பதறிப்போய் "யாரு?" என்று கேட்டது காதில் விழுந்தது.

தம்பியைத் தொட்டியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். முதலில் அவன் செல்லைக் காட்டினேன். பிறகு புது ஸ்லைடில் என் கன்னத்தைத் தேய்த்துக் காட்டினேன். தட்டு மாறிப்போன கதையையும் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ஆமா. நீ முழு மனுஷன்."

அவன் மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். "வாட்ச்மேன் மாமா கன்னத்தச் சுரண்டினா?"

"அதுவும் இப்படித்தான் இருக்கும்."

"அப்ப நான் மனுஷன்னுதான் தெரியுது. உங்க வீட்டு மனுஷன்னு எப்படித் தெரியும்?"

'உங்க வீடு' என்கிறான்! மைக்ராஸ்கோப் காட்டக்கூடியதை எல்லாம் காட்டிவிட்டது. மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

"டேய், தவிட்டுக் கதை பொய். நானே கட்டிவிட்டது. நீ மொதல்ல ஒரே ஒரு செல்லா இருந்த. அம்மா வயித்துக்குள்ள. அது ரெண்டாச்சு, நாலாச்சு, எட்டாச்சு. செல்லெல்லாம் சேர்ந்து திசு, திசு சேர்ந்து உறுப்பு, அப்புறம் கை வந்துச்சு, கால் வந்துச்சு."

"நீ பாத்தியா?"

"பாக்கல. தொட்டேன். எனக்கு அப்ப நாலு வயசு. அம்மா என் கைய எடுத்து வயித்து மேல வெச்சாங்க. உள்ள இருந்து டொக்குன்னு ஒரு உதை. பயந்துபோய்க் கைய எடுத்துட்டேன். கால் வந்ததும் நீ மொதல்ல செஞ்ச வேலையே என்னை உதைச்சதுதான்."

தம்பியின் கண்கள் விரிந்தன. "நிஜமாவா? அம்மா மேல சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா."

"வலிச்சுதா?"

"ரொம்ப."

"நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவன் கால் முழுக்கத் தொட்டி மண். இப்போது என் மடி முழுக்கவும்.

மதியம் அம்மா வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தட்டு விஷயத்துக்கு ஒரு திட்டு, தவிட்டு விஷயத்துக்கு இரண்டு திட்டு வாங்கினேன்.

"அக்கா, இப்ப நான் உன் கன்னத்தச் சுரண்டறேன். ஆ காட்டு" என்றான் தம்பி.

பாவம், ஆசைப்படுகிறான் என்று வாயைத் திறந்தேன். அவனே குச்சியால் சுரண்டினான். அவனே தேய்த்தான். மூக்கிலெல்லாம் நீலச் சாயத்தைப் பூசிக்கொண்டு, "வா, வந்து பாரு" என்று பெரிய மனிதர் மாதிரி கூப்பிட்டான்.

குனிந்து பார்த்தேன்.

செங்கல் சுவர்! வரிசை வரிசையாக, கெட்டியான கோடுகளோடு. ஒரே ஒரு நொடிதான், ஆனால் சத்தியமாக, அந்த ஒரு நொடி எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்புறம்தான் வலது தட்டில் போட்டிருந்த வெங்காய ஸ்லைடைக் காணோம் என்பதைக் கவனித்தேன்.

பின்னால் தம்பியின் குரல் முன்னறைவரை கணீரென்று கேட்டது.

"அம்மா, சீக்கிரம் வாங்க! தவிட்டுக்கு வாங்கினது அக்காவத்தான்!"